தொட்டா சொல்லணும்

பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் கணவர் தாணுமாலையன் என்னிடம் முதன்முதலாகச் சொன்ன விஷயம், தன் தலையில் முடி கொட்டிக்கொண்டிருக்கிறது என்பதுதான். கல்யாணத்துக்குள் வழுக்கை விழாது, ஆனால் முதல் பிள்ளை நடக்க ஆரம்பிப்பதற்குள் விழுந்துவிடும், அப்பாவுக்கும் அப்படித்தான் ஆயிற்று என்றார். அடுத்ததாக, ஆரியசாலைப் புளிக்கடையைப் பற்றித் தரகர் சொன்னதையெல்லாம் அப்படியே நம்ப வேண்டாம் என்றார். சுசீந்திரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, அம்மா கொடுத்த நேந்திரங்காய் வறுவலை மென்றுகொண்டே இதையெல்லாம் சொன்னார். பையனுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை, அதனால்தான் நழுவப் பார்க்கிறான் என்று அப்பா நினைத்தார். ஆள் கொஞ்சம் கழன்ற கேஸ் என்று நான் நினைத்தேன். இரண்டும் தப்பு என்று புரிய எனக்குச் சில மாதங்கள் பிடித்தன.

சாலைக் கடைவீதியில் இவருக்கு ஒரு பெயர் உண்டு. உள்ளதைச் சொல்கிறவர். அதைப் பாராட்டு என்று எண்ணிவிடக் கூடாது. நெடுமங்காட்டிலிருந்து வருகிற சில்லறைக் கடைக்காரர் ஒரு மூட்டையைக் காட்டி இதைப் போடுங்கள் என்றால், அது போன வருஷத்துப் புளி, கறுத்துவிட்டது, வேண்டாம் என்று இவரே சொல்லிவிடுவார். எதிர்க்கடை முதலாளி இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். ஊரில் எல்லோரும் நல்லதாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிற இடத்தில் இவர் மட்டும் நின்று குறையைச் சொல்லிவிட்டு வருவார். கல்யாணமான புதிதில் என் சமையலுக்கும் அதே கதிதான். கோபத்தில் நான் இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். ஏன் பேசவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, சரி, ஆனால் அவியலில் தயிர் புளித்துத்தான் இருந்தது என்றார்.

நான் கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். அடுத்தவர் எழுதியதில் எங்கே தப்பு என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. பகலெல்லாம் அதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டிலும் ஒருவர் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருப்பார். இந்த மனிதர் ஏன் இப்படி ஆனார் என்று எனக்குச் சொன்னவர் வீரபாண்டி அண்ணன். இவரிடம் கேட்டால் கதையின் நடுவிலிருந்து ஆரம்பித்து, தன்னைத்தானே கேலி செய்துகொண்டு பாதியில் நிறுத்திவிடுவார்.

வீரபாண்டி அண்ணனுக்குப் பழவங்காடியில் ஒரு சின்ன சாப்பாட்டுக்கடை இருக்கிறது. அண்ணனின் அப்பா பிச்சையா, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கடையில் மூட்டை சுமந்தவர். இவரும் அண்ணனும் ஒரே வயது. இனி வருவது சின்ன வயதுக் கதை. பையனை அவர் என்று எழுதினால் சிரிப்பாக இருக்கும். அதனால் அது முடிகிறவரை தாணு, அவன் என்றே சொல்லிக்கொள்கிறேன். அதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

தாணுவுக்கு முன்னால் பிறந்த குழந்தை தங்கவில்லை. தாணு பிறந்து தவழ்கிற வயதில் ஒருநாள் எதற்கோ வீறிட்டு அழுதிருக்கிறான். அழுத அழுகையில் மூச்சு உள்ளேயே நின்று, உதடு நீலமாகி, உடம்பு விறைத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியானது. அதற்குப் பிறகும் அழும்போதெல்லாம் அப்படி ஆகியிருக்கிறது. சில குழந்தைகளுக்கு இப்படி வரும், வளர வளரப் போய்விடும், பயப்படாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். என் மாமியார் கோமதியம்மாள் டாக்டர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டார். பிள்ளை அழக் கூடாது. அவ்வளவுதான். கேட்டது கையில் வந்தது. கீழே விழுந்தால் தரைக்கு அடி விழுந்தது. தாணுவுக்கு நீலம் பாரிப்பது நாலு வயதோடு நின்றுபோனது. அத்தைக்கு மட்டும் அது நிற்கவில்லை.

ஆரியசாலையில் கீழே எங்கள் கடை, மேலே வீடு, பின்னால் ஒரு சந்து. ஆறு நாளும் லாரியும் கைவண்டியும் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களுமாக நெரிபடுகிற சந்து, ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்துவிடும். வற்றல் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டேதான் விளையாட வேண்டும். கோலி, பம்பரம், குட்டியும் கோலும் என்கிற கில்லி என்று சீசனுக்குச் சீசன் மாறும். எப்போதும் மாறாதது கிளித்தட்டு. சுண்ணாம்புக் கட்டியால் நீளமாக ஒரு கட்டம் வரைந்து, நடுவே ஒரு கோடு இழுத்து, குறுக்கே நாலைந்து கோடு போடுவார்கள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் எதிரணி ஆள் ஒருவன் நின்று மறிப்பான். கிளி என்று ஒருவன் உண்டு. நடுக்கோட்டில் மேலும் கீழும் ஓடித் தொடுகிற உரிமை அவனுக்கு மட்டும்தான். கிளி கைதட்டியதும் ஆட்டம் தொடங்கும். யார் கையும் மேலே படாமல் எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய், அதேபோலத் திரும்பி வர வேண்டும். ஓடுகிறவர்களில் ஒருவனைத் தொட்டுவிட்டால் போதும், அவன் அணி முழுக்க ஆட்டத்தை இழந்து கோட்டில் போய் நிற்க வேண்டும்.

எந்தத் தெருவிலும் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒரு குழந்தை இருக்கும். சின்னக் குழந்தையாக இருக்கும், அல்லது யாராவது கூட்டிக்கொண்டு வந்த தம்பியாக இருக்கும். ஆட்டத்தில் ஓடலாம், பிடிக்கலாம், ஆனால் கணக்கில் சேர்த்தி இல்லை. அவுட் ஆனாலும் அவுட் இல்லை. அந்தக் குழந்தைக்கும் அது தெரியும். தெரிந்தேதான் சந்தோஷமாக ஓடிக்கொண்டிருக்கும். ஆரியசாலைச் சந்தில் தாணுதான் ஒப்புக்குச் சப்பாணி. தாணு ஒருவனுக்குத்தான் அது தெரியாது.

அத்தை செய்த ஏற்பாடு அது. தாணு தெருவில் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையே பிள்ளைகளைப் பின்வாசலுக்குக் கூப்பிட்டு, ஆளுக்கொரு முந்திரிக்கொத்து கொடுத்தார். முந்திரிக்கொத்து என்றால் முந்திரி கிடையாது. பாசிப்பயறும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டிப் பொரித்த எங்கள் ஊர்ப் பலகாரம். அதைக் கொடுத்துவிட்டு, அவனைத் தொட்டாலும் தொட்டேன் என்று சொல்ல வேண்டாம், அழுதால் மூச்சு நின்றுவிடும் என்று சொல்லியிருக்கிறார். பிள்ளைகள் பலகாரத்துக்குப் பாதி, பயத்துக்குப் பாதியாக ஒப்புக்கொண்டார்கள். முதலாளி மகன் தங்கள் கைபட்டு நீலமாகிப் போனால் அப்பாவுக்கு வேலை இருக்குமா என்பது அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

அணி பிரிக்கும்போது நடக்கிற கூத்தை வீரபாண்டி அண்ணன் சொல்லிக் கேட்க வேண்டும். தாணு எந்த அணியில் இருக்கிறானோ அந்த அணியில் யாராலும் அவுட்டாக்க முடியாத ஆள் ஒருவன் இருக்கிறான் என்று அர்த்தம். அதனால் இரண்டு தலைவர்களும் முதல் ஆளாகத் தாணு எனக்கு, தாணு எனக்கு என்று அடித்துக்கொள்வார்கள். சட்டை கிழிகிற அளவுக்குச் சண்டை வரும். தாணு நடுவில் நின்று, கொஞ்சம் வெட்கமாக, யார் பக்கம் வேண்டுமானாலும் வருகிறேன், சண்டை போடாதீர்கள் என்பான். தன்னைப்போல ஆட ஆள் இல்லை என்றே அவன் நம்பினான். நம்பாமல் வேறு என்ன செய்வான்? வருஷக்கணக்காக எல்லா ஞாயிறும் அவனுக்காக ஒரு தெரு அடித்துக்கொள்கிறது.

தொட்டதை மறைக்கப் பிள்ளைகள் புதுப்புதுச் சட்டங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. சட்டையில் பட்டது கணக்கில்லை. இடது கை பட்டால் செல்லாது. ஒரு கால் கோட்டில் இருக்கும்போது தொட்டது தொட்டதாகாது. தாணு இதையெல்லாம் ஆட்டத்தின் சட்டமென்றே கற்றுக்கொண்டான். ஓடக்கூட அவன் பழகவில்லை. கோடுகளுக்கு நடுவே, கோயிலில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி நிதானமாக நடந்து போய்த் திரும்பி வருவான். இடையிடையே மற்றவர்களுக்கு எப்படி ஓடுவது என்று யோசனையும் சொல்வானாம். வீரபாண்டி அண்ணன் இதைச் சொல்லும்போது இவர் அந்த இடத்தில் இருக்க மாட்டார். தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

தொண்ணூற்றிரண்டு ஓணத்தின்போது பக்கத்துத் தெரு கிளப்பில் பிள்ளைகளுக்குக் கிளித்தட்டுப் போட்டி வைத்தார்கள். திருவோணத்துக்கு மறுநாள், அவிட்டம் அன்று காலையில், கிளப்புக்கு முன்னால் இருந்த மண் மைதானத்தில். தாணுவுக்குப் பன்னிரண்டு வயது. ஆரியசாலைப் பிள்ளைகளுக்கு ஆடத் தெரியும், ஜெயிக்கிற ஆசையும் இருந்தது. ஆனால் தாணுவை என்ன செய்வது? சேர்த்தால் தோல்வி. சேர்க்காவிட்டால் ஏன் என்று கேட்பான். வெல்லக் கிட்டங்கிக்குப் பின்னால் கூடி நின்று பேசிப் பார்த்தார்கள். அவனிடம் உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று வீரபாண்டி சொல்லியிருக்கிறான். சரி, நீயே போய்ச் சொல் என்று மற்றவர்கள் நழுவிவிட்டார்கள். வீரபாண்டியாலும் முடியவில்லை. கடைசியில், அவனைக் கடைசி ஆளாக இறக்குவோம், அதற்குள் நாம் எல்லாக் கோட்டையும் தாண்டியிருப்போம் என்று முடிவானது.

இந்தத் திட்டத்தைத் தாணுவிடம் யாரும் சொல்லவில்லை. கிளி கைதட்டியதும், எப்போதும்போல அவன்தான் முதலில் உள்ளே இறங்கினான். எதிரணியில் கிளியாக நின்றவன் ரதீஷ் என்று ஒரு பையன். தன்னை நோக்கி ஒருத்தன் கையை வீசிக்கொண்டு நிதானமாக நடந்து வருவதைப் பார்த்து, இதில் ஏதோ தந்திரம் இருக்கிறது என்று ரதீஷ் முதலில் தயங்கியிருக்கிறான். பிறகு ஓரடி எடுத்து வைத்துத் தோளில் தொட்டான். தட்டக்கூட இல்லை. விசில் ஊதினார்கள்.

"ஔட்டாணு மோனே, இறங்ஙிக்கோ" என்றார் நடுவராக நின்ற கிளப்புக்காரர்.

தாணு வெளியேறவில்லை. சட்டையில்தான் பட்டது என்றான். அது போதும் என்றார் நடுவர். என் ஒரு கால் கோட்டில் இருந்தது என்றான். அதனால் என்ன என்று கேட்டார். தொட்டது இடது கை என்றான். அப்போதுதான் கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. தாணு தனக்குத் தெரிந்த சட்டங்களையெல்லாம் ஒன்று விடாமல், உரத்த குரலில், வக்கீல் மாதிரி எடுத்துச் சொன்னான். சொல்லச் சொல்லச் சிரிப்பு கூடியது. இந்த ஊரில் யாருக்கும் ஒழுங்காக ஆடத் தெரியவில்லை என்ற எரிச்சலோடு தன் அணியைத் திரும்பிப் பார்த்து, நீங்களாவது சொல்லுங்கள் என்றான். எல்லோரும் மண்ணைப் பார்த்தார்கள். வீரபாண்டி மட்டும் பக்கத்தில் வந்தான்.

"ஏல தாணு, நீ அவுட்டு" என்றான். "இன்னைக்கி மட்டும் இல்ல. எப்பவுமே நீ அவுட்டுதாம்ல. நாங்கதான் சொல்றதில்ல."

 தாணு கட்டத்தைவிட்டு வெளியே வந்து, மைதானத்தைத் தாண்டி நடந்தான். ஓடவில்லை. அன்று ஆரியசாலை தோற்றுப்போனது. அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

வீரபாண்டி பின்னாலேயே போயிருக்கிறான். தாணு வீட்டுக்குப் போகவில்லை. பூட்டிய கடைக்குப் பின்னால் காலி மூட்டைகள் அடுக்கிவைத்த இடத்தில் போய் உட்கார்ந்து அழுதான். அவனுக்கு ஞாபகம் தெரிந்த நாளிலிருந்து அதுதான் முதல் அழுகை. நீ அழப்படாது, அழுதால் மூச்சு நின்றுவிடும் என்று அவனிடமும் சொல்லித்தான் வளர்த்திருந்தார்கள். அதனால் அழுதுகொண்டே, மூச்சு இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தானாம். உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தானாம். நிற்கவில்லை. எனக்கு இந்தக் கதையில் சிரிப்பு வராத ஒரே இடம் இதுதான். ஒரு பிள்ளை செத்துப்போகத் தயாராக மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது, கொஞ்ச தூரத்தில் இன்னொரு பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த இரண்டு பேரையும் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் போல இருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாணு சந்துக்கு வந்தான். பிள்ளைகள் விளையாட்டை நிறுத்திவிட்டு நின்றார்கள்.

"இனி தொட்டா சொல்லணும்" என்றான் தாணு.

அம்மைக்குத் தெரிந்தால் பலகாரம் நின்றுபோகுமே என்று யாரோ முனகினார்கள். அதற்கும் தாணு யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தான். அம்மையிடம் நான் ஜெயித்தேன் என்றே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் வழக்கம்போல வாங்கித் தின்னுங்கள் என்றான். அன்று முதல் அவன் அவுட் ஆனான். முதல் கோட்டிலேயே ஆனான். நல்ல ஆட்டக்காரனாக ஆனானா என்று கேட்டால், இல்லை. கடைசிவரை ஆகவில்லை. அணி பிரிக்கும்போது கடைசி ஆளாகத்தான் எடுத்தார்கள். ஆனால் ஒரே ஒரு தடவை, அடுத்த மழைக்காலம் கழிந்த பிறகு, எல்லாக் கோட்டையும் தாண்டிப் போய்த் திரும்பி வந்திருக்கிறான். அன்று வீரபாண்டிதான் கிளியாம். விட்டுக்கொடுத்தீர்களா என்று அண்ணனிடம் கேட்டேன். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது.

ஒவ்வொரு ஞாயிறும் வீட்டுக்குள் நுழையும்போது அத்தை, ஜெயித்தாயா மக்கா என்று கேட்பார். இவரும் ஜெயித்தேன் என்பார். பள்ளிக்கூடம் முடிந்து, கல்லூரி முடிந்து, மாமனார் காலமாகி, இவர் கடையில் உட்கார்ந்த பிறகும் அது தொடர்ந்தது. கேள்வி மட்டும் மாறியது. வியாபாரம் எப்படி? நல்லா இருக்கும்மா. காய்ச்சல் விட்டதா? விட்டது. அவளோடு சண்டையா? இல்லவே இல்லை. ஊருக்கெல்லாம் உள்ளதைச் சொல்கிறவர் தன் அம்மாவிடம் மட்டும் வாய் கூசாமல் பொய் சொல்வார். கல்யாணமாகி வந்தபோது எனக்கு இது பெரிய ஆச்சரியம். எனக்குக் கிடைக்காத சலுகை என்று கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

இரண்டாயிரத்து எட்டில் அத்தைக்கு வயிற்றுவலி வந்தது. சாப்பாடு இறங்கவில்லை, உடம்பு மெலிந்தது. கணையத்தில் புற்று, முற்றிவிட்டது, ஓணம்வரை தாங்குவது கஷ்டம் என்று டாக்டர் எங்கள் இருவரையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். வெளியே பெஞ்சில் அத்தை கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தைக்குத் தெரியவே கூடாது என்று நான்தான் சொன்னேன். தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடுவார்கள், இருக்கிற நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்றேன். சொந்தக்காரர்கள் எல்லோரும் என் பக்கம்தான். இவர் எதிர்ப்பார் என்று நினைத்தேன். எதிர்க்கவில்லை. வெளியே போய், வயித்துப் புண்ணுதானாம்மா, மருந்து சாப்பிட்டா மாறிரும் என்றார். பழக்கதோஷம்.

அதற்குப் பிறகு வீடு வேறு மாதிரி ஆகிவிட்டது. அத்தை எது சொன்னாலும் சரி என்றோம். எனக்கும் அத்தைக்கும் தினமும் ஒரு சண்டை உண்டு. தேங்காயை அரைப்பதா துருவிப்போடுவதா என்பதில் தொடங்கி, நான் ஆபீஸ் வண்டிக்கு ஓடுகிறவரை நடக்கும். அது நின்றுபோனது. அத்தை சொன்னபடியெல்லாம் அரைத்தேன். பேசப் பிடிக்காத உறவினர்கள்கூட ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். அத்தை எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வேண்டுமென்றே, நீ வைத்த ரசம் சாக்கடைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். நாளைக்கு நன்றாக வைக்கிறேன் அத்தை என்றேன். அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சித்திரை விஷு கழிந்த ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு அத்தை இவரைக் கூப்பிட்டுக் கட்டிலில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் வாசற்படியில் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த அவிட்டத்தண்ணைக்கு வீரபாண்டி பின்வாசல்ல வந்து நிண்ணான்" என்று ஆரம்பித்தார் அத்தை. "இனி எங்களுக்குப் பலகாரம் வேண்டாம்மா, தாணுட்ட நான் உள்ளதைச் சொல்லிட்டேன்னான். அழுதானான்னு கேட்டேன். அழுதான்னான். மூச்சு நிண்ணுதான்னு கேட்டேன். நிக்கலம்மா, நான் பக்கத்துலயே நிண்ணு பாத்தேன், மூக்குதான் ஒழுகிச்சுன்னான்."

இவரோ பதினாறு வருஷமாக அம்மாவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொரு ஞாயிறும் ஜெயித்துவந்தவர். வீரபாண்டி அண்ணனும் இதை இவரிடம் சொல்லாமலே இருந்திருக்கிறார். பலகாரத்தை மட்டும் தொடர்ந்து வாங்கிக்கொள்ளச் சொன்னது அத்தைதானாம்.

"பின்ன ஏம்மா ஜெயிச்சியா ஜெயிச்சியான்னு கேட்டுட்டே இருந்தே?"

"நீ சொல்லணும்னு ஆசைப்பட்டே. நான் கேட்டுட்டேன்." அத்தை மூச்சு வாங்கிக்கொண்டார். "அண்ணைக்கு ராத்திரிதான், நீ பொறந்த பெறகு, நான் நல்லா ஒறங்கினது. எனக்க பிள்ளை தோத்துட்டான், ஒண்ணும் ஆவல. அதுக்கு மேல எனக்கு என்ன வேணும்?"

 கீழே சந்தில் யாரோ கைவண்டியை ஓரம் தள்ளிவைத்தார்கள்.

"அந்தப் பிள்ளையளுட்ட நீ ஒண்ணு சொன்னியாமே. வீரபாண்டி சொன்னான். அதைத்தான் நானும் கேக்கேன். இந்த வீட்டுல யாரும் எங்கிட்ட சண்டைக்கு வரமாட்டேங்கிய. இவ ரசத்தைக் கொறை சொன்னாக்கூடச் சிரிக்கா." அத்தை இவர் கையைப் பிடித்தார். "உள்ளதைச் சொல்லு மக்கா. என்னைத் தொட்டாச்சா?"

இவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன். கையில் இருந்த துணியைப் போட்டுவிட்டு, கையையும் ஆட்டினேன். இவர் என் பக்கமிருந்து திரும்பிக்கொண்டார்.

"தொட்டாச்சும்மா."

எனக்கு ஆத்திரமாக வந்தது. உள்ளே போய் இவரைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாமா என்றிருந்தது. அத்தை அதிரவில்லை. எதுவரைக்கும் என்று கேட்டார். ஓணத்துக்கு முன்னாலேயே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை இவர் அப்படியே சொன்னார். வலி கூடுமா என்று கேட்டார். கூடும், அதற்கு மருந்து இருக்கிறது என்றார். அத்தை கேட்டதுக்கெல்லாம் இவர் பதில் சொன்னார். பஸ் நேரம் விசாரிக்கிற மாதிரி அத்தை கேட்டுக்கொண்டே போனார். கேள்விகள் முடிந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து இவர் எழப்போனார்.

"நான் நல்லா வெளையாடினேனா?" என்று கேட்டார் அத்தை, கண்ணைத் திறக்காமலேயே.

யாராக இருந்தாலும் உடனே ஆமாம் என்று சொல்லியிருப்பார்கள். நான் நூறு தடவை சொல்லியிருப்பேன். இவர் யோசித்தார். அந்த நேரத்தில் உட்கார்ந்து யோசிக்கிற மனிதரை என்னவென்று சொல்வது?

"ரெண்டு எடத்துல நீ தப்பா ஆடிட்டே" என்றார். "பெரியம்மைட்ட அத்தனை வருசம் பேசாம இருந்தது தப்பு. அப்பா கடைசியா ஒருதரம் ஊருக்குப் போகணும்னு கேட்டப்ப, மழை கழியட்டும்னு தள்ளிப் போட்டது தப்பு." பிறகு அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "மத்ததெல்லாம் நல்லாத்தான் வெளையாடினே. ரொம்ப நல்லா."

அத்தை கண்ணைத் திறந்தார். நான் அழுகையை எதிர்பார்த்தேன். அத்தைக்குக் கோபம் வந்திருந்தது. பேச்சை முதலில் நிறுத்தியது நானில்லை, அக்காதான் என்று ஆரம்பித்தார். இல்லை, கல்யாண வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனது நீதான், நான் பார்த்தேன் என்றார் இவர். நீ அப்போது சின்னப் பயல், உனக்கு என்ன தெரியும் என்றார் அத்தை. ஊருக்குப் போகாததற்குக் காரணம் மழை மட்டும் இல்லை, மாமனாரின் உடம்பு அப்போது இருந்த இருப்பு அப்படி என்று விளக்கினார். இவர் கொஞ்சம் ஒப்புக்கொண்டார், கொஞ்சம் ஒப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் வெயில் தாழ்கிறவரை அம்மாவும் மகனும் விடாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பல வாரங்களாகப் பேச்சுமூச்சில்லாமல் கிடந்த வீட்டில் அத்தையின் குரல் சமையலறைவரை கேட்டது.

நான் கஞ்சி கொண்டுபோனேன். அத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, இது கஞ்சியா, கழுநீரா என்று கேட்டார். ஆமாம், உங்களுக்கு வேறு யாரும் வைத்துத் தரமாட்டார்கள், பேசாமல் குடியுங்கள் என்றேன். இத்தனை வருஷமாகியும் ஒரு கஞ்சி வைக்கத் தெரியவில்லை என்றார். இத்தனை வருஷமாகக் குடித்தது எப்படியாம் என்று கேட்டேன். அத்தை என்னைப் பார்த்துச் சிரித்தார். டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் குடித்தார். நான் சமையலறைக்கு வந்து, குடத்தை வைத்துக் குழாயைத் திறந்துவிட்டு, அது நிரம்பி வழிகிறவரை நின்று அழுதேன்.